ஐந்து வாரம் இருந்த வலது பக்கம்

ஓசூரில் எங்கள் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வெளியே போகும் ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் அனுப்புவார்கள். நாங்கள் செய்வது மின்னணு போர்டுகள். அதில் ஒட்டும் சிப்புகள் கடுகளவுதான் இருக்கும், விலை அதிகம். பெண்களுக்குத் திரை போட்ட ஒரு தடுப்பு உண்டு. உள்ளே ஒரு பெண் செக்யூரிட்டி கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார். நான்கு வருடமாக அந்தத் திரைக்குள் நுழையும்போதெல்லாம் வலது தோளைச் சற்று முன்னால் வளைத்துக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வேன். எல்லாருக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். யாரும் கவனித்ததில்லை.

போன வருடம் அந்த வேலைக்கு ரத்னம்மா என்று ஒருவர் புதிதாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். வந்த மூன்றாம் நாள் அவர் கை என் வலது மார்பில் பட்டு நின்றது.

"ஏனிது? உள்ள ஏதோ வெச்சிருக்க."

"ஒண்ணுமில்லீங்க்கா."

"ஒண்ணுமில்லேன்னா எடுத்துக் காட்டு."

பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் என்னைப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். மேல் பட்டன்களைக் கழற்றினேன். துணி உருண்டை கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, சிப்பு இருக்கிறதா என்று நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இடது பக்கம் எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுபோல் இருந்தது. வலது பக்கம் விலா எலும்பு தெரியும்படி தட்டையாக இருந்தது.

"ஆப்பரேஷன் ஆச்சா?"

"இல்லீங்க்கா. எனக்குப் பொறந்ததுலருந்தே இப்படித்தான்."

ரத்னம்மா அந்த உருண்டையை என் கையில் வைத்து, என் பட்டன்களை அவரே போட்டுவிட்டார். "ஹோகும்மா, நீ போ," என்றார். முப்பது வயதுவரை அம்மாவைத் தவிர யாருமே பார்க்காத இடத்தை ஒரு செக்யூரிட்டி பார்த்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹாஸ்டல் வரும்வரை முகத்தைத் திருப்பாமல் வந்தேன்.

என் ஊர் ஊத்தங்கரை. அப்பா நான் படிக்கும்போதே தவறிவிட்டார். அம்மா மாங்கூழ் கம்பெனியில் சீசனுக்கு வேலை செய்வாள், மற்ற மாதங்களில் கிடைத்த கூலி வேலை. பதினான்கு வயதில் எனக்கு இடது பக்கம் மட்டும் வளர ஆரம்பித்தது. அம்மா, "ஒரு பக்கம் மெதுவா வரும் பாப்பா," என்றாள். நானும் காத்திருந்தேன். பிளஸ் டூ முடியும்வரை ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன். வரவில்லை. ஒருநாள் அம்மா தன் பழைய நூல்சேலையைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, என் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தாள். "யாருக்கும் சொல்லாத," என்றாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

ஒரு முறை கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர், தினமும் போனில் பேசுவார். மறைத்துக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று நானே சொன்னேன். அவர், "பரவால்ல விடு, யாருக்குத் தெரியப் போவுது? எங்க வீட்ல மட்டும் சொல்லிராத," என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் காலம் முழுக்க ஒரே வீட்டில் இரண்டு பேராகச் சேர்ந்து மறைத்துக்கொண்டிருப்பதை நினைத்தபோது எனக்கு மூச்சு முட்டியது. நான்தான் வேண்டாம் என்றேன். அம்மா ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சோதனை நடந்து நாலு நாளைக்குப் பிறகு ரத்னம்மா என்னை வரிசையின் கடைசிக்கு வரச் சொன்னார். அவருடைய அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் எடுத்துவிட்டார்களாம். பிறகு பெங்களூரில் ஒரு டாக்டரம்மா புதிதாக வைத்துக் கொடுத்தாராம்.

"நிஜ மாதிரியே இருக்கும்மா. அக்கா பிளவுஸ் போட்டுட்டு கண்ணாடி முன்னாடி எஷ்டு நேரம் நின்னாங்க தெரியுமா? ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன், வா."

இப்படி ஒன்று செய்ய முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சினிமா நடிகைகள் செய்துகொள்வது என்றுதான் நினைத்திருந்தேன்.

எல்லையிலிருக்கும் ஜூஜுவாடி வரை எங்கள் டவுன் பஸ்ஸில் பெண்கள் யாருக்குமே டிக்கெட் காசு இல்லை. எல்லையைத் தாண்டிக் கர்நாடக பஸ் ஏறினால், அந்த ஊர் ஆதார் வைத்திருக்கும் ரத்னம்மாவுக்கு மட்டும் இலவசம். ஒவ்வொரு முறையும் அவர் ஆதாரைக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் தலைக்குத் துணி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, தமிழ்க்காரி, என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்: "உனக்கு எந்தப் பக்கம், கண்ணு?"

"வலது."

"எத்தன கீமோ முடிஞ்சுது?"

எனக்குக் கூசிப்போனது. உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவே நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று தோன்றியது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். "எனக்கு அந்த நோய் இல்லீங்க. சின்னதுலருந்தே ஒரு பக்கம் வளரல," என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அட சாமி, அத்தன வருசமா?" என்றார். பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார்.

டாக்டரம்மா என் மார்பைப் பார்க்கும் முன் கையைத்தான் பார்த்தார். "ரெண்டு கையையும் கும்பிடற மாதிரி வைங்க," என்றார். வைத்தேன். வலது கை விரல்கள் இடது கையைவிட அரை நகம் அளவுக்குக் குட்டையாக இருந்தன. அது எனக்குத் தெரியும். சிப்பு எடுக்க இந்தக் குட்டி விரல்தான் லாயக்கு என்று சூப்பர்வைசர் கேலி செய்வார். ஆனால் விரலுக்கும் மார்புக்கும் தொடர்பு உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

"இதுக்குப் பேர் போலந்து சின்ட்ரோம். கரு உருவாகற காலத்தில அந்தப் பக்கம் போற ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கலாம்னு சொல்றாங்க. அதனால நெஞ்சுத் தசை சரியா உருவாகல. மேல மார்பகமும் வளரல. கை விரலும் கொஞ்சம் சின்னது. எல்லாம் ஒரே விஷயம்."

என் உடம்பில் நடந்ததற்கு ஒரு பெயர் இருந்தது. அன்று பஸ்ஸில் அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவர் இன்னொன்றும் கேட்டார்: "யாருக்காகச் செஞ்சுக்கணும்? கல்யாணத்துக்கா?"

"இல்லீங்க டாக்டர். டிரே எடுக்கக் குனியும்போது உள்ள இருக்கறது நகருதான்னு யோசிக்காம குனியணும். அவ்வளவுதான்."

அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. துணி தைக்க அளவு கொடுக்க, மழையில் நனைய, தோழியைக் கட்டிப்பிடிக்க, கவிழ்ந்து படுக்க, இப்படி எத்தனையோ ஆசைகள். பதினான்கு வயதில் கேட்டதை முப்பது வயதிலும் உடம்பிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இரத்தம், ஸ்கேன், இதயத்துக்கு ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று படம் போட்டு விளக்கினார்கள். என் வலது பக்கத் தோல் இறுக்கமாக இருப்பதால் நேராக இம்ப்ளான்ட் என்ற செயற்கை மார்பகத்தை வைக்க முடியாது. முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையைத் தோலுக்கு அடியில் வைப்பார்கள். வாரம் ஒருமுறை ஊசி வழியாக அதில் உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கும். போதுமான அளவு வந்ததும் அந்தப் பையை எடுத்துவிட்டு சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைப்பார்கள். அதுவும் ஆயுளுக்கும் வராது, பின்னால் மாற்ற வேண்டியிருக்கலாம். சீழ் பிடிக்கலாம். அதைச் சுற்றிலும் சதை இறுகிப்போகலாம். எதையும் அவர் மறைக்கவில்லை. அழகு சிகிச்சைக் கணக்கில் வருவதால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றார்கள், என் பி.எஃப். பணத்தை எடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "வேணா பாப்பா. நல்லா இருக்கற ஒடம்புல எதுக்குக் கத்தி வெக்கணும்? யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

"எனக்குத் தெரியுதேம்மா."

ஆனாலும் ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அவளே ஒரு பையோடு வந்துவிட்டாள். நான் ஹாஸ்டலைக் காலி செய்து ஜூஜுவாடியில் ஓர் அறை எடுத்திருந்தேன்.

அட்மிஷன் அன்று டாக்டரம்மா வந்தபோது அம்மா திடீரென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, இவ வயித்துல இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு நான் வெளிய போயிட்டேன். இவங்கப்பா வேலைக்குப் போயிருந்தாரு. ஒத்த ஆளு, தண்ணி எடுக்க வேற யாரும் இல்ல. அதனாலதான இப்படி ஆச்சு?"

நான் திகைத்துப் போனேன். இத்தனை வருடத்தில் அவள் இதை ஒரு வார்த்தைகூட என்னிடம் சொன்னதில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எத்தனாவது மாசம்மா?"

"ஏழு."

"இது நடந்தது ஆறாவது வாரத்தில. வாரம், மாசம் இல்ல. அப்ப நீங்க கர்ப்பம்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கிரகணம் வந்தப்ப இதெல்லாம் முடிஞ்சு போயிருந்தது."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். பிறகு வார்டு ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். முந்தானை முகத்துக்குப் போவது மட்டும் தெரிந்தது.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்தபோது நெஞ்சின் மேல் யாரோ கல்லை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. பக்கவாட்டில் ஒரு குழாய். உள்ளே ஊறும் நீரும் இரத்தமும் அதன் வழியாக ஒரு சின்ன டப்பாவில் வந்து சேரும். அதை அளந்து எழுதி, கொட்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். நர்ஸ் ஒருமுறை காட்டியதும் அம்மா கற்றுக்கொண்டாள். பதினான்கு வயதுக்குப் பிறகு என் உடம்பைப் பார்க்காதவள், தினமும் இரண்டு வேளை கட்டைத் திறந்து பார்த்தாள். என் வலது கை மேலே தூக்க வராததால் தலை வாரிப் பின்னிவிட்டாள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி கடையில் கிடைக்கவில்லை என்று, இருந்த நைட்டிகளை நடுவில் வெட்டி அவளே பட்டன் தைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து உப்புநீர் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் தோல் மேல் வைத்து, உள்ளே வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து ஊசியைக் குத்துவார்கள். ஊசி பெரிதாக வலிக்காது. பிறகு இரண்டு நாளைக்குத் தோல் விண்ணென்று இழுக்கும். அந்த இழுப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஏதோ நடக்கிறது என்று உடம்பே சொல்வதுபோல் இருக்கும்.

ஒவ்வொரு வாரமும் ரத்னம்மா ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். ஊசி போட்டு வெளியே வந்ததும், "எஷ்டு ஆச்சு?" என்று காதில் கேட்பார். முதல் வாரம் உள்ளங்கையைக் கவிழ்த்ததுபோல் ஒரு மேடு. மூன்றாவது வாரம் குளிக்கும்போது குனிந்து பார்த்தேன். வலது பக்கத்தின் கீழே ஒரு நிழல் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினான்கு வயதில் வர வேண்டிய நிழல். அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டி, "தண்ணி வீணாப் போவுது பாப்பா," என்று சொன்ன பிறகுதான் குழாயை மூடினேன்.

நாலாவது வாரம், அம்மாவோடு ஓசூர் மார்க்கெட்டுக்குத் துப்பட்டா இல்லாமல் சுடிதாரில் போனேன். தக்காளிக்காரர் தக்காளியைப் பார்த்தார், நிறுத்துக் கொடுத்தார். பூக்காரி பூவை அளந்தாள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் ஏங்கியதெல்லாம் அதற்குத்தான். யாருமே பார்க்காத சாதாரணப் பெண்ணாக ஒரு கடைத்தெருவில் நடக்க. அன்று தேவையே இல்லாமல் இரண்டு சுற்று வந்தேன்.

ஐந்தாவது வாரம் ஊசி போட்ட மறுநாள் மத்தியானம் குளிர் எடுத்தது. அந்தப் பக்கம் சிவந்து, தொட்டால் கொதித்தது. அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே ரத்னம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

உள்ளே கிருமி தொற்றியிருந்தது. ஊசியோடு போயிருக்கலாம், வேறு எப்படியும் வந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைப்பார்கள். காலையில் வந்து, கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று நாளும் தாண்டியது. கட்டிலில் படுத்தபடி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், பார்வையாலேயே தடுத்து நிறுத்திவிடலாம் என்பதுபோல.

நான்காம் நாள் டாக்டரம்மா என் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "எடுத்துரணும்மா. வெச்சா ரத்தத்தில கலந்துரும்."

"அரைவாசி தண்ணிய மட்டும் எடுத்துட்டு விட்டுப் பாக்க முடியாதா டாக்டர்?"

"முடியாது."

கண் விழித்தபோது நெஞ்சின் மேல் எந்தப் பாரமும் இல்லை. பாரம் இல்லாததால்தான் அழுதேன். ரத்னம்மா வந்து, காலடியில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துவிட்டார். நான்தானே உன்னை இங்கே கூட்டி வந்தேன் என்று அவர் மனதில் ஓடியது முகத்தில் தெரிந்தது. "நீங்க இல்லேன்னா எனக்கு அந்த அஞ்சு வாரமும் கெடச்சிருக்காதுக்கா," என்றேன். அதை அவரைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை.

மறுபடி வேலைக்குப் போனேன். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகே எதையும் யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு மாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பு இருந்த ஏக்கம் எனக்குப் பழகியது. இல்லாத ஒன்றைப் பற்றிய ஏக்கம் அது, அதற்கு முகம் கிடையாது. இப்போது வந்தது அப்படி இல்லை. அதன் அளவு எனக்குத் தெரியும். எடை தெரியும். குனியும்போது அது எப்படி உடன் வரும் என்று தெரியும். சீட்டில் உட்கார்ந்து போர்டைப் பார்க்கும்போது இடது கை தானாகவே வலது பக்கம் போய்த் தேடும். ஐந்து வாரம் மட்டும் இருந்த ஒன்று இவ்வளவு இடத்தை விட்டுவிட்டுப் போக முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் ஆறு மாதக் கெடு முடிந்தது. அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். டாக்டரம்மா தழும்பைப் பார்த்தார். புதிய ஸ்கேனில் முதுகுத் தசை நன்றாக இருப்பதாகச் சொன்னார். இப்படியே விட்டுவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இல்லையென்றால் இந்த முறை முதுகிலிருந்து தசையைத் திருப்பி முன்னால் கொண்டுவந்து, அதற்கு அடியில் இம்ப்ளான்ட் வைக்கலாம். தசை மூடியிருப்பதால் பாதுகாப்பு அதிகம். முதுகில் நீளமாகத் தழும்பு இருக்கும். மறுபடி சீழ் பிடிக்காது என்று உறுதி கொடுக்க முடியாது.

"இன்னொண்ணு," என்றார். "வடிவம் கிடைக்கும். தொட்டா உணர்ச்சி இருக்காது. உண்மையான மார்பகம் மாதிரி அது எப்பவும் ஆகாது. அது தெரிஞ்சு முடிவு பண்ணுங்க."

வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அந்தப் பேனாக் கோடு நினைவுக்கு வந்து வாயை அடைத்தது. வேண்டாம் என்று அம்மா சொல்லுவாள், அதையே சாக்காக வைத்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அம்மா பேசினாள்.

"டாக்டரம்மா, அன்னிக்கு மார்க்கெட்டுக்குப் போனோம். இவ முன்னாடி போறா, நான் பின்னாடி பையத் தூக்கிக்கினு வரேன். இவ தோள விரிச்சு நடந்தா. என் பொண்ணு அப்படி நடந்து நான் பாத்ததே இல்ல. பதினாலு வயசுலருந்து கூனிக்கினேதான் நடப்பா. வேணாம்னு மொதல்ல சொன்னது நான்தான். இப்ப அவளுக்கு வேணும்னா செஞ்சு குடுங்க. பயமாத்தான் இருக்குது. இருந்தாலும் செஞ்சு குடுங்க."

அன்று நான் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. யாருமே பார்க்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"எழுதிக்குங்க டாக்டர்," என்றேன்.

தை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. இந்த முறை நிற்கலாம், இதுவும் போகலாம். போனாலும் பொறுத்துக்கொள்வேன் என்று தைரியமாக எழுத எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வெயிலில் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் அம்மாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, கால் வலிக்குதா? ஆட்டோ பிடிக்கட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ முன்னாடி போ பாப்பா," என்றாள். "பாத்துக்கினே வரேன்."

ஒரு பக்கம் மட்டும் உள்ள உடம்போடு, அவள் பார்ப்பதற்காக, பஸ் ஸ்டாப் வரை தோளை விரித்து நடந்தேன்.